உருளும் வீட்டின் வரவு செலவு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது நம் பெரியோர்கள் விடுத்த எச்சரிக்கை. அதன் முதற் பாதியிலிருந்து தப்பித்துக்கொள்வதற்கு அமெரிக்க ஜனங்களில் ஒரு சாரார் நல்ல உபாயம் கண்டிருக்கிறார்கள். அஸ்திவாரத்துக்குப் பதிலாகச் சக்கரங்களின் மேல் நிற்கும் வீட்டில் குடியேறி விடுகிறார்கள். இப்படி வருஷம் முழுவதும் வாசம் செய்கிறவர்களின் தொகை அந்நாட்டில் லட்சக் கணக்கில் இருக்கிறது. அவர்களில் பலர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள். சிலர் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு எந்த ஊரிலிருந்தும் வேலை பார்க்கக் கூடியவர்கள். வேறு சிலரோ, வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல் ஊரை விட்டுக் கிளம்பியவர்கள்.

இந்த வாகனத்தின் ஆங்கிலப் பெயரைத் தமிழ்ப்படுத்தினால் "உல்லாச வாகனம்" என்று வரும். ஆர்.வி. என்று இரண்டே எழுத்துக்களில் சுருக்கியும் சொல்லுவார்கள். அதில் உல்லாசம் எத்தனை பங்கு, உழைப்பு எத்தனை பங்கு என்பது போகப் போகத் தெரியும். ஆகையால் நாம் அதை வீட்டு வண்டி என்றே அழைப்போம்.

வீட்டு வண்டியில் குடியிருந்தால் பணம் மிச்சமாகுமா? குடும்பக் கணக்கு எழுதுகிற எவரும் முதலில் கேட்கக் கூடிய கேள்வி இதுதான். பாதிச் செலவில் காலம் தள்ளுகிறோம் என்று மார் தட்டுகிறவர்கள் உண்டு. வீட்டை விற்று வண்டி வாங்கினோம், வண்டியால் கடனாளி ஆனோம் என்று கண்ணீர் வடிக்கிறவர்களும் உண்டு. இரு திறத்தாரும் உண்மையே பேசுகிறார்கள். எதனால் இந்த வித்தியாசம் உண்டாகிறது என்பதைச் சற்று ஆராய்ந்து பார்க்கலாம்.

தகர டப்பா யாத்திரிகர்கள்

சிக்கனமும் வீட்டு வண்டியும் ஆதி காலத்திலிருந்தே கூடப் பிறந்தவை. முதல் மகா யுத்தம் முடிந்த பிறகு, சாமானியக் குடும்பங்களின் கைக்கு எட்டும் விலையில் மோட்டார் வண்டிகள் அமெரிக்காவில் வந்து குவிந்தன. ஹோட்டலுக்குப் பணம் கொடுக்க மனம் வராதவர்கள் வண்டியின் ஓரத்தில் கூடாரத்தைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு பிரயாணம் புறப்பட்டார்கள். 1919-ஆம் வருஷத்தில் பிளாரிடா மாகாணத்திலுள்ள டாம்பா நகரில், டி ஸோடோ பூங்காவில், அவர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். சங்கத்தின் பெயர் "தகர டப்பா யாத்திரிகர்கள்". வழியெல்லாம் டப்பாவில் அடைத்த உணவை உண்டு காலம் கழித்ததனால் வந்த பெயர் அது. வண்டியின் முகப்பில் ஒரு தகர டப்பாவைப் பொருத்திக்கொள்வது அவர்களுடைய அடையாளம்.

இன்று அந்தக் கூடாரம் வளர்ந்து, படுக்கை அறை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, ஸ்நான அறை எல்லாம் அடங்கிய மாளிகையாகி விட்டது. இந்தியானா மாகாணத்திலுள்ள எல்கார்ட் நகரமும் அதன் சுற்றுப்புறமும் இத்தொழிலுக்கே பெயர் பெற்றவை. வண்டிகளில் இரண்டு பெரிய ஜாதிகள் உண்டு. எஞ்சினும் வீடும் ஒரே உடம்பாக அமைந்தது ஒன்று. மோட்டார் வண்டியின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் டிரெய்லர் மற்றொன்று. இழுவை வண்டியில் ஒரு சௌகரியம் உண்டு. வீட்டைப் பேட்டையில் நிறுத்தி விட்டு, இழுத்து வந்த காரில் கடைக்கும் வைத்தியசாலைக்கும் போய் வரலாம். எஞ்சின் பழுதானால் வீடு வீதியில் நிற்காது.

வாங்கும் போதே வரும் நஷ்டம்

நிலமும் வீடும் வாங்கினால் நாளடைவில் விலை ஏறும் என்று எதிர்பார்க்கிறோம். வீட்டு வண்டியின் ஜாதகம் அதற்கு நேர் விரோதம். கடை வாசலைத் தாண்டிய அன்றே அதன் விலை இறங்கத் தொடங்குகிறது. முதல் சில வருஷங்களில்தான் இறக்கம் மிகவும் அதிகம். அப்படியிருந்தும் பதினைந்து, இருபது வருஷத் தவணையில் கடன் கொடுக்க அங்கே பாங்குகள் காத்திருக்கின்றன. மாதத் தவணை சிறியதாகத் தோன்றுவதால் ஜனங்கள் மயங்கி விடுகிறார்கள். நாலு வருஷம் கழித்து விற்கப் போனால், வண்டியின் விலையைக் காட்டிலும் பாக்கிக் கடன் பெரிதாக நிற்கிறது. கண்ணீர் வடிக்கிறவர்களில் பெரும்பாலோருடைய கதை இதுதான்.

அனுபவஸ்தர்கள் என்ன செய்கிறார்கள்? பிறத்தியார் வாங்கி, முதல் நஷ்டத்தை அவர்களே ஏற்றுக்கொண்ட பிற்பாடு, ஐந்து பத்து வருஷம் உபயோகித்த வண்டியை ரொக்கம் கொடுத்து வாங்குகிறார்கள். வாங்கும் போது மெத்தையையும் திரைச்சீலையையும் பார்த்து மயங்காமல் ஏணி வைத்துக் கூரை மேல் ஏறிப் பார்க்கிறார்கள். வீட்டு வண்டிக்கு யமன் தண்ணீர்தான். கூரையின் மூட்டுகளில் பூசிய பசை வெயிலில் காய்ந்து வெடித்தால், மழை நீர் சுவருக்குள் இறங்கி மரச் சட்டங்களை ஓசைப்படாமல் அரித்து விடும். வெளியில் பளபளவென்று நிற்கும் வண்டி உள்ளே மக்கிப் போயிருக்கும். சில மாதங்களுக்கு ஒரு முறை மேலே ஏறிப் பார்த்து, சில டாலர் விலையுள்ள பசையைப் பூசிக்கொள்கிறவர் ஆயிரக் கணக்கான டாலர் ரிப்பேர்ச் செலவைத் தவிர்த்து விடுகிறார்.

டயரும் அப்படியே. வீட்டு வண்டியின் டயர் ஓடித் தேய்வதற்கு முன்னால் வயதாகியே கெட்டுப் போகிறது. மேற்புறக் கட்டைகள் தெளிவாக இருந்தாலும் ஆறு ஏழு வருஷமானால் மாற்றி விடுவது உத்தமம். ஓட்டத்தில் டயர் வெடித்தால், சக்கரத்தோடு நிற்காமல் வண்டியின் பக்கச் சுவரையும் கிழித்து விடும். இம்மாதிரிக் காரியங்களில் செலவைத் தள்ளிப் போடுவதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது.

ஓடினால் செலவு, நின்றால் மிச்சம்

சக்கரம் வைத்த வீட்டை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் புதிதாக வாங்கியவர்கள் நினைக்கிறார்கள். முதல் வருஷத்திலேயே அட்லாண்டிக் கரையிலிருந்து பசிபிக் கரை வரையில் போய்த் திரும்பி விடுகிறார்கள். பெரிய மோட்டார் வீடு ஒரு காலன் பெட்ரோலுக்கு எட்டு மைல் போவதே பெரிது. காலன் 3 டாலர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். வருஷத்தில் 10,000 மைல் ஓட்டினால் 1,250 காலன் ஆகும். செலவு 3,750 டாலர். அதே வண்டியை 3,000 மைல் மட்டும் ஓட்டினால் 375 காலன். செலவு 1,125 டாலர். குறைவாக ஓடியதனால் மட்டும் 2,625 டாலர் கையில் நிற்கிறது. எஞ்சின் தேய்மானம் குறைந்தது வேறு.

வேகத்திலும் பணம் இருக்கிறது. வீட்டு வண்டி காற்றை எதிர்த்துச் செல்லும் சுவர் அல்லவா? மணிக்கு 70 மைலிலிருந்து 60 மைலுக்கு வேகத்தைக் குறைத்தால் காற்றின் எதிர்ப்பு கால் பங்குக்கு மேல் குறைந்து விடுகிறது. அவசரமில்லாத பிரயாணிக்கு இது இனாமாகக் கிடைக்கும் லாபம்.

நின்றாலும் தங்குமிடத்துக்குக் கூலி உண்டு. தண்ணீர், மின்சாரம், கழிவு நீர்க் குழாய் மூன்றும் கொடுத்து வண்டி நிறுத்த இடம் கொடுக்கும் வண்டிப்பேட்டைகள் அந்நாடெங்கும் உள்ளன. இரவுக்கு 50 டாலர் வீதம் கொடுத்தால் மாதம் 1,500 டாலர் ஆகிறது. இது பல சிற்றூர்களில் ஒரு வீட்டின் வாடகைக்குக் குறைவில்லை. ஆனால் அதே பேட்டைக்காரர் ஒரு மாதம் தங்குகிறவருக்கு வாடகையை வெகுவாகக் குறைத்துக் கொடுப்பார். மின்சாரத்துக்கு மட்டும் மீட்டர் பார்த்துத் தனியாக வாங்கிக்கொள்வார். நாளுக்கு ஓர் ஊராகப் பறக்கிறவர் பெட்ரோலுக்கும் கொடுத்து, பேட்டைக்கும் அதிகமாகக் கொடுக்கிறார். மாதத்துக்கு ஓர் ஊர் பார்க்கிறவருக்கு இரண்டிலும் மிச்சம். ஊரை உள்ளபடி பார்த்தவரும் அவர்தான்.

ஒரு வார விடுமுறைக்கு வண்டியை வாடகைக்கு எடுக்கிறவர்களுக்கும் இதே சூத்திரம் பொருந்தும். அமெரிக்காவிலுள்ள பிள்ளையையும் பெண்ணையும் பார்க்கப் போகும் நம் பெற்றோர்களை இப்படி அழைத்துப் போவது உண்டு. நாள் வாடகை ஒன்றை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது. மைலுக்கு இவ்வளவு, மின்சார எஞ்சின் ஓடும் மணிக்கு இவ்வளவு, இன்ஷுரன்ஸுக்கு இவ்வளவு என்று பில் வளர்ந்துகொண்டே போவது சகஜம். ஐந்து தேசியப் பூங்காக்களைத் தொட்டு விட்டு வருவதை விட ஒரே பூங்காவில் ஐந்து நாள் தங்கினால் செலவும் குறையும், முதியவர்களின் முதுகும் பிழைக்கும்.

பொது நிலம் என்னும் பெருஞ் சத்திரம்

வீட்டு வண்டிக்காரர்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய பாக்கியம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மேற்குப் பாகத்தில் பெரும் பரப்பு மத்திய சர்க்காருக்குச் சொந்தம். நில நிர்வாக இலாகாவின் வசத்தில் மட்டும் 24 கோடி ஏக்கருக்கு மேல் இருக்கிறது. தேசிய வனங்கள் இன்னும் சுமார் 19 கோடி ஏக்கர். இவற்றில் பல இடங்களில் வாடகை ஏதுமின்றி வண்டியை நிறுத்தித் தங்கலாம். ஒரே இடத்தில் பொதுவாக 14 நாட்கள் வரை அனுமதி. பிறகு வேறிடம் பெயர வேண்டும். தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் அங்கே இரா. குப்பையைத் தானே சுமந்துகொண்டு போக வேண்டும். ஆனால் ஆகாயமும் நட்சத்திரங்களும் தாராளமாகக் கிடைக்கும்.

அரிஸோனா மாகாணத்தில் க்வார்ட்ஸைட் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. கோடையில் அனல் வீசும் பாலைவனம். குளிர் காலம் வந்ததும் வட மாகாணங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் பனிக்கு அஞ்சிய ஜனங்கள் ஆயிரம் ஆயிரமாக வந்து சேருகிறார்கள். இவர்களுக்காக 1983-ஆம் ஆண்டில் நில நிர்வாக இலாகா நீண்ட காலத் தங்குமிடங்களை ஏற்படுத்தியது. க்வார்ட்ஸைட்டுக்கு அருகிலுள்ள லா போஸா அவற்றில் ஒன்று. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரையில், ஏழு மாதத்துக்கும் சேர்த்துப் பல ஆண்டுகளாக வாங்கி வந்த கட்டணம் 180 டாலர். இரவுக்கு ஒரு டாலர் கூட ஆகவில்லை! தண்ணீர் பிடிக்கவும், கழிவைக் கொட்டவும், குப்பையைப் போடவும் அங்கே வசதி உண்டு.

மூத்த பிரஜைகளுக்கு இன்னொரு சலுகையும் இருக்கிறது. 62 வயது நிரம்பிய அமெரிக்கப் பிரஜைகளும் அங்கே நிரந்தரமாகக் குடியிருக்க உரிமை பெற்றவர்களும் ஆயுள் முழுவதற்கும் ஓர் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். 2017-ஆம் ஆண்டில் அதன் விலையைப் பத்து டாலரிலிருந்து எண்பது டாலராக உயர்த்தினார்கள். அப்படியும் அது மலிவுதான். தேசியப் பூங்காக்களில் பிரவேசக் கட்டணம் இல்லை. மத்திய சர்க்காரின் முகாம்கள் பலவற்றில் தங்கும் கட்டணம் பாதி.

வெயிலுக்கு மலை, பனிக்குப் பாலைவனம்

இனாம் நிலத்தில் தங்க வேண்டுமானால் வண்டி தன் காலிலேயே நிற்கப் பழக வேண்டும். கூரை மீது சூரிய ஒளித் தகடுகளைப் பொருத்தி, பகலெல்லாம் பாட்டரியில் மின்சாரம் சேர்த்துக்கொள்கிறார்கள். விளக்கு, விசிறி, கம்ப்யூட்டர் ஆகியவற்றுக்கு அது போதும். அடுப்பும் வெந்நீரும் புரொப்பேன் வாயுவில் நடக்கின்றன. பல வண்டிகளில் குளிர்ப்பெட்டியும் அப்படியே. தொட்டியில் நாற்பது காலன் தண்ணீர் இருந்தால் இருவர் ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டி விடுகிறார்கள். உடம்பை நனைத்துக் குழாயை மூடி, சோப்புத் தேய்த்து, மறுபடி திறந்து அலசிக்கொள்வது அவர்களுடைய ஸ்நான முறை. பாத்திரத்தைக் கழுவு முன் காகிதத்தால் துடைத்து விடுகிறார்கள். கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்த வீட்டுப் பெண்மணிகளுக்கு இந்த வித்தையைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆனால் ஏர் கண்டிஷன் இயந்திரத்தை மட்டும் சாதாரணச் சூரியத் தகடுகளால் நெடுநேரம் ஓட்ட முடியாது. மெல்லிய சுவருள்ள வண்டியைக் கடுங் குளிரில் சூடாக்குவதென்றாலும் வாயுச் சிலிண்டர் மளமளவென்று காலியாகும். அதற்கு அவர்கள் கண்ட வழி மிகவும் எளியது. காற்றைக் குளிர வைப்பதற்குப் பதில் குளிர்ந்த காற்று உள்ள இடத்துக்குப் போய் விடுகிறார்கள்! அரிஸோனாவில் பீனிக்ஸ் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,100 அடியில் இருக்கிறது. கோடையில் அங்கே 110 டிகிரி வெயில் சர்வ சாதாரணம். அங்கிருந்து 150 மைலுக்குள் பிளாக்ஸ்டாப் என்ற ஊர் சுமார் 7,000 அடி உயரத்தில், தேவதாரு இனத்து மரங்கள் நிறைந்த தேசிய வனத்தின் நடுவே இருக்கிறது. பீனிக்ஸ் வேகும் போது பிளாக்ஸ்டாபில் 80 டிகிரிதான். கோடையில் மலை, குளிர் காலத்தில் பாலைவனம் என்று வருஷத்துக்கு இரு முறை இடம் மாறினால் போதும். பெட்ரோலும் அதிகம் ஆகாது, மின்சாரப் பில்லும் வராது.

உழைத்துத் தங்குகிறவர்கள்

செலவைக் குறைப்பதோடு நில்லாமல் வரவுக்கும் இவர்கள் வழி தேடுகிறார்கள். பூங்காக்களிலும் முகாம்களிலும் வாரத்தில் சில மணி நேரம் யாத்திரிகர்களை வரவேற்று, இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டால், வண்டி நிறுத்த இடமும் மின்சாரமும் இனாமாகக் கொடுக்கிறார்கள். மின்னஸோட்டாவுக்கும் வட டகோட்டாவுக்கும் இடையிலுள்ள செந்நதிப் பள்ளத்தாக்கில், அக்டோபர் மாதத்தில் சர்க்கரைக் கிழங்கு அறுவடை நடக்கிறது. அதற்கு வீட்டு வண்டிக்காரர்கள் திரளாகப் போகிறார்கள். பன்னிரண்டு மணி நேர முறை, குளிர், சேறு. மழை பெய்தாலும் சரி, வெயில் ஏறினாலும் சரி, அறுவடையை நிறுத்தி விடுவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் கிடைக்கும் கூலியைக் கொண்டு சில மாதங்கள் சிக்கனமாகக் கழிக்கலாம்.

இங்கேதான் நாம் சற்று நிதானித்து யோசிக்க வேண்டியிருக்கிறது. ஐம்பது வயதுத் தம்பதிகள் வேடிக்கையாக அறுவடைக்குப் போவது ஒரு விஷயம். எழுபது வயது மூதாட்டி வேறு வழியில்லாமல் போவது முற்றிலும் வேறு விஷயம். 2008-ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியவர்கள் பலர், சர்க்கார் தரும் உபகாரச் சம்பளம் வாடகைக்குக் கூடப் போதாமல், பழைய வண்டிகளில் குடியேறினார்கள். ஜெஸிக்கா புரூடர் என்ற பத்திரிகை எழுத்தாளர் அவர்களுடன் பழகி, 2017-ல் "நோமட்லாண்டு" என்ற புத்தகத்தை வெளியிட்டார். அதைத் தழுவி க்ளோயி ஜாவோ எடுத்த படம் 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசு பெற்றது. பண்டிகைக் காலத்தில் அமேஸான் கம்பெனியின் பிரம்மாண்டமான கிடங்குகளில், சிமெண்டுத் தரையில், நாள் முழுவதும் மைல் கணக்கில் நடந்து வேலை செய்த முதியவர்களைப் பற்றி அந்தப் புத்தகம் விவரமாகச் சொல்கிறது.

இரண்டு பேரும் தகர அடுப்பில் ஒரே மாதிரி அவரைக்காய் சமைத்து, ஒரே மாதிரி தண்ணீரை அளந்து குளிக்கிறார்கள். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஒருவருக்கு அது சிக்கனம், மற்றவருக்கு வறுமை. எஞ்சின் ஒரு நாள் நின்று விட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு முதலாமவரிடம் பதில் இருக்கிறது; இரண்டாமவரிடம் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

வண்டி நிற்கும் நாளுக்கு

ஆகையால், உருளும் வீட்டின் கணக்கில் மாதந்தோறும் மூன்று இனங்களுக்குப் பணம் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று அனுபவஸ்தர்கள் வற்புறுத்துகிறார்கள். முதலாவது, ரிப்பேர். அது வரும் தேதி மட்டுந்தான் தெரியாதே தவிர வருவது நிச்சயம். வண்டி பட்டறையில் இருக்கும் நாட்களில் வீடும் பட்டறையில் இருக்கும் என்பதால், வேறிடத்தில் தங்கும் செலவையும் இதில் சேர்க்க வேண்டும். இரண்டாவது, வைத்தியம். 65 வயதானவர்களுக்கு மத்திய சர்க்காரின் மருத்துவக் காப்பு நாடெங்கும் செல்லும். அதற்குக் குறைந்த வயதுள்ளவர்கள் வாங்கும் இன்ஷுரன்ஸ் திட்டங்களில் பல, சொந்த மாகாணத்தைத் தாண்டினால் அவசர சிகிச்சைக்கு மட்டுமே உதவும். டெக்ஸாஸ், பிளாரிடா, தென் டகோட்டா ஆகிய மாகாணங்களில் மாகாண வருமான வரி கிடையாது. அதனால் பலர் அவற்றில் ஒன்றை நிரந்தர விலாசமாக ஏற்படுத்திக்கொள்கிறார்கள். வரி மிச்சமாகிறது, வைத்தியத்துக்கு என்ன ஆகும் என்பதையும் அதே மூச்சில் விசாரித்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது இனம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். பலரும் மறப்பதும் அதையே. கண் மங்கி, கை நடுங்கி, வண்டி ஓட்ட முடியாத நாள் ஒன்று வரும். அன்றைக்கு வேண்டிய கைம்முதல் அது. ஜோ பீட்டர்ஸன், கே பீட்டர்ஸன் என்னும் தம்பதிகள் 1978-ல் வீட்டு வண்டிக்காரர்களுக்காக "எஸ்கேப்பீஸ்" என்ற சங்கத்தை ஸ்தாபித்தார்கள். டெக்ஸாஸில் லிவிங்ஸ்டன் என்ற ஊரில் அதன் தலைமை ஸ்தானம் இருக்கிறது. நோயினாலோ மூப்பினாலோ பிரயாணத்தை நிறுத்தியவர்கள் தங்கள் தங்கள் வண்டியிலேயே குடியிருந்துகொண்டு, சாப்பாடும், வைத்தியரிடம் போய் வரத் துணையும் பெறுவதற்கு அங்கே ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஊர் ஊராகத் திரிந்தவர்கள் தமக்கென்று ஓர் ஊரைத் தாமே உண்டாக்கிக்கொண்ட அழகு அது.

பெட்ரோலில் மிச்சம், வாடகையில் மிச்சம், மின்சாரத்தில் மிச்சம் என்று மூன்று பக்கமும் சேர்த்த பணத்தை அடுத்த பிரயாணத்திலேயே செலவழித்து விடுகிறவருக்குச் சக்கரம் சுற்றியதுதான் லாபம். அதில் ஒரு பங்கைத் தொடாமல் எடுத்து வைக்கிறவர், என்றைக்கு வேண்டுமானாலும் வண்டியை நிறுத்தி இறங்கி விடலாம். இறங்குவதற்கு வழி வைத்துக்கொண்டவர் மட்டுமே நிம்மதியாகப் பிரயாணம் செய்கிறார். உருளும் வீட்டுக்குச் சொன்ன இந்தப் புத்தி, உருளாத வீட்டில் மாதச் சம்பளத்தை நம்பிக் குடியிருக்கும் நமக்கும் பொருந்தாமல் போகாது.